திருநாளும் விடுமுறை நாளும்

உத்ஸவ காலத்தில் மறைமலை நகருக்கு வந்து சேரும் ஸேவார்த்திகள் ஆண்டுதோறும் அர்ச்சகர்களிடத்தும் பஞ்சாங்கம் பார்ப்போரிடத்தும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காலண்டரில் கிருஷ்ண ஜயந்தி என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட நாளில் கோயிலில் ஸ்ரீஜயந்தி இல்லையே, கோயிலில் ஸ்ரீஜயந்தி நடக்கும் நாளில் அலுவலகத்திற்கு விடுமுறை இல்லையே, இவ்விரண்டில் எது சரி?" என்பதே அக்கேள்வி. ஆந்திர தேசத்திலிருந்து வந்தவர் ஸ்ரீராம நவமிக்கு இங்கு விடுமுறை இல்லாதது கண்டு வியப்பர். மலையாள தேசத்தவர் திருவோணத்தன்று இங்கே தொழிற்சாலைச் சங்கு ஒலிப்பது கேட்டு மனம் வருந்துவர். ஒரே பாரத நாடு, ஒரே எம்பெருமான், ஒரே அவதார தினம். அப்படியிருக்க நாள் மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன் என்பது ஆராயத்தக்கதே.

மறைமலை நகர் திட்டமிட்டு அமைக்கப்பட்ட துணைநகரம். தொழிற்பேட்டையின் பொருட்டுப் பல தேசத்தாரும் குடியேறிய ஊர். இங்கு ஒரே இல்லத்தில் வாழும் நால்வரை எடுத்துக்கொள்வோம். தந்தை செங்கற்பட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்; மூத்த குமாரர் மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரிபவர்; இளைய குமாரர் தொழிற்சாலையில் இருப்பவர்; மருமகள் வங்கியில் எழுத்தர். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் இந்நால்வருடைய விடுமுறைப் பட்டியல்களும் ஒன்றல்ல. பெருமாள் திருவீதிப் புறப்பாட்டை நால்வரும் ஒருசேர நின்று ஸேவிக்கும் பாக்யம் ஆண்டில் எத்தனை நாள் கிட்டும் என்பது இந்தப் பட்டியல்களைப் பொறுத்தே அமைகிறது. ஆகையால் இவை எவ்வாறு உண்டாயின என்பதை முதலில் அறிவோம்.

பாரத நாடு முழுமைக்கும், எந்த மாநிலத்திற்கும் விலக்கின்றிப் பொதுவாயுள்ள தேசிய விடுமுறைகள் மூன்றே. ஜனவரி 26 குடியரசு தினம், ஆகஸ்டு 15 சுதந்திர தினம், அக்டோபர் 2 காந்தியடிகள் பிறந்த தினம். இம்மூன்றும் ஆங்கிலத் தேதியால் நிச்சயிக்கப்பட்டவை. திதியும் நக்ஷத்ரமும் பார்க்க வேண்டாதவை. ஆகையால் இவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மற்றவை யாவும் அந்தந்த அரசின் முடிவைப் பொறுத்தவை.

சட்டத்தில் 'பொது விடுமுறை' என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது தெய்வ வழிபாட்டின் பொருட்டு வந்ததன்று; கடன் பத்திரத்தின் பொருட்டு வந்தது! 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தவணை முதிரும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்திய வேலை நாளே தவணை நாளாகக் கொள்ளப்படும் என்று விதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும், அரசிதழில் அறிவிக்கப்படும் பிற நாட்களுமே அங்கே பொது விடுமுறை எனப்படும். கொடுத்தவன் கேட்கும் நாள் எது, வாங்கியவன் கட்ட வேண்டிய நாள் எது என்ற வழக்கைத் தீர்க்க எழுந்த அந்தப் பிரிவின் நிழலிலேதான் இன்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வங்கிகள் மூடப்படுகின்றன. அவ்வாறு அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசினுடையது. 1957ஆம் ஆண்டில் மத்திய உள்துறை அந்த அதிகாரத்தை மாநில அரசுகளும் செலுத்தும்படி ஒப்படைத்தது. அதனாலேயே ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களின் வழக்கம் நோக்கித் தனித்தனிப் பட்டியல் வெளியிடுகிறது.

மத்திய அரசு ஊழியர் முறை வேறு. அவர்களுக்கு ஆண்டில் 17 நாட்கள். டில்லிக்கு வெளியே உள்ள அலுவலகங்களில் இவற்றுள் 14 நாட்கள் நாடெங்கும் கட்டாயமானவை. எஞ்சிய மூன்று நாட்களை, 12 பண்டிகைகள் கொண்ட தனிப் பட்டியலிலிருந்து அந்தந்த மாநிலத் தலைநகரிலுள்ள ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கும். பொங்கல், ஓணம், ரத யாத்திரை, ஹோலி, விநாயக சதுர்த்தி, சிவராத்திரி முதலியவை அந்தப் பன்னிரண்டில் அடங்கும். வைஷ்ணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது யாதெனில், ஸ்ரீராம நவமியும் ஜன்மாஷ்டமியும் இந்தப் பன்னிரண்டிலே உள்ளனவேயன்றிக் கட்டாயமான பதினான்கில் இல்லை. அயோத்தியில் அவதரித்தவனுக்கும் மதுரையில் அவதரித்தவனுக்கும் ஊழியர் நலக் குழுவில் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காக வருந்துவதற்கில்லை, நாட்டின் பல சமயத்தாரையும் பல தேசத்தாரையும் பதினேழு நாட்களில் அடக்குவது எளிதன்று.

தமிழக அரசின் பட்டியலில் ஸ்ரீராம நவமி இல்லை. விரும்புவோர் வரையறுக்கப்பட்ட விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம். பத்ராசலம் உள்ள தெலங்காணாவிலும், ஆந்திரத்திலும் அது பொது விடுமுறை. அதே சமயம், தெலுங்கு வருஷப் பிறப்பும் மஹாவீர ஜயந்தியும் தமிழகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. 2021 முதல் தைப்பூசமும் சேர்ந்தது. கர்நாடகத்தில் நரக சதுர்த்தசியும் பலிப் பிரதமையும் விடுமுறை. வாமன திரிவிக்கிரமனை நினைக்கும் அந்தப் பலிப் பிரதமை தமிழகத்தில் பட்டியலிலேயே இல்லை. ஆனால் அதே மஹாபலியின் பொருட்டு, கேரளம் சிங்க மாதத்தில் திருவோணத்தை ஒட்டிப் பல நாட்கள் விடுமுறை விடுகிறது. ஒடிசாவில் ரத யாத்திரை, வங்கத்தில் துர்க்கா பூஜை, அஸ்ஸாமில் பிஹு, கோவாவில் டிசம்பர் 3ஆம் நாள் புனித சவேரியார் திருநாள், சிக்கிமில் லோசார் என்று அவரவர் நாட்டுக்கு உயிரான நாள் அவரவர் பட்டியலில் முன்னிற்கிறது.

தொழிற்சாலைகளுக்கு இன்னொரு சட்டம். தமிழகத்தில் 1958ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி மேற்சொன்ன மூன்று தேசிய தினங்களும், மே தினமும், இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் தொழிலாளருக்கு உரியவை. அந்த ஐந்து எவை என்பது நிர்வாகத்தாரும் தொழிலாளரும் கலந்து நிச்சயிக்கப்படுகிறது. பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை போன்றவை இடம்பிடித்த பின் மிச்சம் எத்தனை? ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து இவ்வூர்த் தொழிற்கூடங்களில் உழைக்கும் இளைஞர்களின் ரத யாத்திரையும் சட் பூஜையும் அந்த ஐந்தில் அடங்குவது அரிது. உத்ஸவ காலத்தில் கோயில் வாயிலில் ஷிப்ட் முடிந்த சீருடையோடு நின்று, கைகூப்பி, அவசரமாகத் தீர்த்தம் வாங்கிச் செல்லும் அந்த இளைஞர்களை ஸேவார்த்திகள் பார்த்திருப்பர்.

இவையேயன்றி மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை என்று ஒன்று உண்டு. கோயில்களோடு மிக நெருங்கிய உறவுடையது இதுவே. வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரைக்கும், ஆண்டாள் திருவாடிப்பூரத் தேருக்கு விருதுநகர் மாவட்டத்திற்கும் அவ்வாறே. திருவண்ணாமலைத் தீபம், திருவாரூர்த் தேர், நாகூர்க் கந்தூரி, வேளாங்கண்ணித் திருநாள், தூத்துக்குடிப் பனிமய மாதா உத்ஸவம் என்று அந்தந்த மண்ணின் பெருமைக்கேற்ப இவை அமைந்துள்ளன. அறிவிப்பின் இறுதியில் வழக்கமாக இரண்டு வரிகள் காணப்படும். ஒன்று, இந்நாளுக்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்பது. மற்றொன்று, இது செலாவணி முறிச் சட்டத்தின்படியான பொது விடுமுறை அன்று. ஆகையால் கருவூலங்கள் குறைந்த பணியாளரோடு இயங்கும் என்பது. இந்த விடுமுறை தானமாக வந்ததன்று, கடனாக வந்தது. பெருமாளுக்காகக் கொடுத்த நாளைச் சனிக்கிழமையில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் மறைமலை நகர் அன்பர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுதல் வேண்டும். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் செங்கற்பட்டு தனி மாவட்டம் ஆகும் வரையில் இவ்வூர் காஞ்சீபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்நாளில் காஞ்சியில் தேவாதிராஜனுடைய உத்ஸவத்திற்காக மாவட்டம் முழுமைக்கும் ஒரு விடுமுறை அறிவிக்கப்பட்டால் அது இவ்வூருக்கும் உரியதாயிருக்கும். இன்று அவ்வாறன்று. கருட ஸேவைக்குக் காஞ்சி செல்லும் குடும்பம் அதே குடும்பம். செல்லும் பாதையும் அதே பாதை. ஆயினும் வரைபடத்தில் ஒரு கோடு மாறியதால் விடுமுறையின் எல்லையும் மாறிவிட்டது.

நிற்க. அரசுகள் வேறு வேறு என்பதனால் மட்டுமே நாட்கள் வேறுபடுகின்றன என்று எண்ணுவது முழு உண்மையன்று. அரசுகள் தோன்றுவதற்கு முன்னரே காலக் கணக்கு தேசந்தோறும் வேறுபட்டிருந்தது. இதுவே இக்கட்டுரையில் ஊன்றி நோக்கத்தக்க பகுதி.

எந்த வைதிக கர்மாவானாலும் ஸங்கல்பத்தில் முதலில் த்வீபமும் வர்ஷமும் கண்டமும் சொல்லி, மேருவுக்கு எத்திசையில் நிற்கிறோம் என்று சொல்லி, அதன் பின்னரே ஸம்வத்ஸரம், அயனம், ருது, மாஸம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்ரம் என்று காலத்தைச் சொல்லுகிறோம். தேசத்தைச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்லுவதில்லை. இது வெறும் சம்பிரதாயமன்று. கணிதத்தில் இதற்குக் காரணம் உண்டு. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள தூரம். ஒரு திதி முடியும் கணம் உலகமெங்கும் ஒன்றே. ஆனால் நாள் என்பது ஸூர்யோதயத்தில் தொடங்குவது. உதயமோ இடத்துக்கு இடம் வேறு. பாரத நாடு ஏறக்குறைய 68 பாகை கிழக்கு முதல் 97 பாகை கிழக்கு வரை பரந்துள்ளது. 15 பாகைக்கு ஒரு மணி வீதம், அருணாசலப் பிரதேசத்தின் கீழெல்லையில் சூரியன் உதித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே குஜராத்தின் மேலெல்லையில் உதிக்கிறான். அந்த இரண்டு மணி நேரத்திற்குள் தசமி முடிந்து ஏகாதசி பிறக்குமானால், கிழக்கே உதயத்தில் தசமி, மேற்கே உதயத்தில் ஏகாதசி. இருவர் கணக்கும் சரியே. இருவர் உபவாஸமும் சரியே.

மாஸக் கணக்கிலும் பேதம் உண்டு. வட நாட்டார் பௌர்ணமியில் மாதத்தை முடிப்பர். ஆந்திரம், கர்நாடகம், மஹாராஷ்டிரம், குஜராத் முதலிய தேசத்தார் அமாவாஸ்யையில் முடிப்பர். தமிழரும் மலையாளத்தாரும் சூரியன் ராசியில் புகுவதைக் கொண்டே மாதம் எண்ணுவர். வங்காளம், ஒடிசா, அஸ்ஸாம், பஞ்சாப் நாட்டாருக்கும் அக்கணக்கு உண்டு. சூரியன் மேஷத்தில் புகும் கணம் ஒன்றே என்றாலும் எந்த நாளை முதல் தேதியாகக் கொள்வது என்பதில் தேசந்தோறும் விதி வேறு. தமிழர்க்கு, அஸ்தமனத்திற்கு முன் ஸங்கரமணம் ஆனால் அன்றே. பின் ஆனால் மறுநாள். மலையாளத்தில், உதயத்திலிருந்து பதினெட்டு நாழிகைக்குள், அதாவது பகல் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் அளவுக்குள் ஆனால் அன்று, தாண்டினால் மறுநாள். வங்காளத்தில், நள்ளிரவுக்கு முன் ஆனால் மறுநாள். நள்ளிரவும் கடந்தால் அதற்கும் மறுநாள்.

இவ்விதிகளின் விளைவைக் கண்கூடாகக் காணலாம். 2023ஆம் ஆண்டில் மேஷ ஸங்கரமணம் ஏப்ரல் 14 பிற்பகலில் நேர்ந்தது. தமிழ் வருஷம் 14ஆம் தேதி பிறந்தது. பதினெட்டு நாழிகை கடந்துவிட்டமையால் மலையாள நாட்டு விஷு 15ஆம் தேதி ஆயிற்று. 2024இல் ஸங்கரமணம் ஏப்ரல் 13 இரவு, நள்ளிரவுக்கு முன். தமிழர், மலையாளத்தார், வங்காளியர் மூவர்க்கும் 14ஆம் தேதியே. 2025இல் அது 13ஆம் தேதி நள்ளிரவு கடந்து, விடியலுக்கு முன். தமிழர்க்கும் மலையாளத்தார்க்கும் 14, வங்காளியர்க்கு 15. மூன்று மாநில அரசுகளும் வெவ்வேறு நாளில் அலுவலகங்களை மூடுவது பிடிவாதத்தால் அன்று என்பது இதனால் விளங்கும். தமிழகத்தில் 2008ஆம் ஆண்டில் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கி ஒரு சட்டம் வந்ததும், 2011ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டதும் பலர் அறிந்ததே. சூரியன் மேஷத்தில் புகும் கணம் இரண்டு சட்டங்களுக்கும் அப்பாற்பட்டது.

இந்த பேதங்களையெல்லாம் ஒழித்து நாடு முழுமைக்கும் ஒரே பஞ்சாங்கம் ஆக்கலாகாதா என்று கேட்பவர் உண்டு. அம்முயற்சி நடந்தது. 1952ஆம் ஆண்டில் விஞ்ஞானி மேகநாத ஸாஹா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ முப்பது விதமான பஞ்சாங்கக் கணக்குகள் வழங்குவதை அது கண்டது. 1955இல் அறிக்கை வெளிவந்தது. 1957 மார்ச் 22ஆம் தேதி, சக வருஷம் 1879 சைத்ர மாதம் முதல் நாளாகத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. திருநாட்களைக் கணிப்பதற்கு 82½ பாகை கிழக்கு, உஜ்ஜயினியின் அக்ஷாம்சமான 23 பாகை 11 கலை வடக்கு என்று ஒரு மத்திய ஸ்தானத்தையும் குழு நிச்சயித்தது. ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆண்டுதோறும் வெளிவருகிறது. ஆயினும் தேசிய நாட்காட்டி அரசிதழின் தலைப்பிலும் வானொலி அறிவிப்பிலும் நின்றதேயன்றி, மக்களின் இல்லத்துச் சுவரில் ஏறவில்லை. உஜ்ஜயினி அக்ஷாம்சத்து உதயத்தைக் கொண்டு ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு நாள் குறிக்க எவரும் முன்வரவில்லை. அறிஞர் குழுவிடம் குறை என்று இதைச் சொல்வதற்கில்லை. அதன் கணிதம் சீரியது. ஆனால் வழக்கம் என்பது கணிதத்தால் மட்டும் ஆவதன்று.

தர்ம சாஸ்திரங்கள் இதை முன்னரே உணர்ந்திருந்தன. போதாயன தர்ம ஸூத்திரம் தென்னாட்டார்க்கு உரிய ஐந்து ஆசாரங்களையும் வடநாட்டார்க்கு உரிய ஐந்து ஆசாரங்களையும் எண்ணிச் சொல்லி, அவ்வவை அவ்வத் தேசத்திலேயே பிரமாணம் ஆகும், மாறிச் செய்தால் தோஷம் என்கிறது. கௌதமர் இதை ஏற்கவில்லை என்பதையும் அந்த ஸூத்திரமே மறைக்காமல் குறிக்கிறது. யாக்ஞவல்க்ய ஸ்மிருதியோ, ஓர் அரசன் ஒரு நாட்டைத் தன் வசப்படுத்தினால் அந்நாட்டு ஆசாரத்தையும் வழக்கையும் குல மரியாதையையும் முன்போலவே காக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே மாநிலத்துக்கு ஒரு விடுமுறைப் பட்டியல் என்பது இக்காலத்துப் புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை.

பிற நாடுகளிலும் கூட்டாட்சி முறை உள்ள இடங்களில் இதுவே நிலை. ஜெர்மனியில் அக்டோபர் 3ஆம் நாளாகிய ஒருமைப்பாட்டு தினம் ஒன்றே நாடு முழுமைக்கும் உரிய உடன்படிக்கையால் வந்தது. மற்றவை அந்தந்த மாநிலச் சட்டத்தால் அமைந்தவை. அங்குள்ள பவேரியா மாநிலத்தில் ஆகஸ்டு 15, கத்தோலிக்கர் மிகுந்த ஊர்களில் விடுமுறை. புராட்டஸ்டண்டார் மிகுந்த அடுத்த ஊரில் வேலை நாள்! தமிழர் பெருகி வாழும் மலேசியாவில் தைப்பூசம் பினாங்கு, சிலாங்கூர், பேராக் முதலிய மாநிலங்களில் விடுமுறை. வேறு சில மாநிலங்களில் இல்லை. தீபாவளி அந்நாடெங்கும் விடுமுறையாயினும் சரவாக் மாநிலத்தில் அன்று.

இனி, தொடக்கத்தில் கண்ட ஸ்ரீஜயந்திக் கேள்விக்கு வருவோம். ஸ்மார்த்தர்கள் ஆவணி சார்ந்த தேய்பிறை அஷ்டமியை முதன்மையாகக் கொள்வர். நள்ளிரவில் அஷ்டமி இருப்பது அவர்க்கு முக்கியம். ஸ்ரீவைஷ்ணவர்களோ சிம்ம மாதமாகிய ஆவணியில் அஷ்டமியும் ரோஹிணியும் கூடுவதை நோக்குவர். அதிலும் பாஞ்சராத்ர முறையில் ஸப்தமி தீண்டாத அஷ்டமியும் கிருத்திகை தீண்டாத ரோஹிணியும் வேண்டும். வைகானஸரும் முனித்ரய ஸம்பிரதாயத்தாரும் அந்த வேதையைப் பார்க்கும் அளவில் வேறுபடுவர். ஆகையால் ஒரே வீதியில் உள்ள மூன்று இல்லங்களில் ஸ்ரீஜயந்தி இரண்டு நாட்களில் நடப்பதும் உண்டு.

2025ஆம் ஆண்டு இதற்கு நல்ல த்ருஷ்டாந்தம். தமிழக அரசின் கிருஷ்ண ஜயந்தி விடுமுறை ஆகஸ்டு 16, சனிக்கிழமை. அன்று அஷ்டமி இருந்தது. ஆனால் தமிழ்க் கணக்கில் அது ஆடி 31. மறுநாள்தான் ஆவணி பிறந்தது. ரோஹிணியும் மறுநாள் விடியற்காலையில்தான் வந்தது. சிம்ம மாதமும் இல்லை, ரோஹிணியும் இல்லை என்றால் ஸ்ரீவைஷ்ணவர்க்கு அது ஸ்ரீஜயந்தி ஆவது எங்ஙனம்? செப்டம்பர் நடுவில், ஆவணி முடிவதற்குள், அஷ்டமியும் ரோஹிணியும் கூடியபோதே திவ்யதேசங்களில் ஸ்ரீஜயந்தி நடந்தது. சிங்க மாதக் கணக்குள்ள கேரளத்திலும் அஷ்டமி ரோஹிணி செப்டம்பர் 14ஆம் தேதியே. ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி! அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி கோயிலுக்கு வந்து, உறியடி இல்லை, புறப்பாடு இல்லை என்று கண்டு திரும்பியவர் பலர். அர்ச்சகர் மறந்துவிட்டார் என்று எண்ணியவரும் உண்டு. விடுமுறைப் பட்டியல் ஸ்மார்த்த கணக்கைப் பின்பற்றியது. கோயில் ஆகம கணக்கைப் பின்பற்றியது. அரசுக்கு ஏதேனும் ஒரு கணக்கைக் கொண்டே தீர வேண்டும். கோயிலுக்கோ தன் ஆகமத்தை விட்டு வேறு கதியில்லை.

இஸ்லாமியருக்கும் இது உள்ளது. பிறை கண்டதாகத் தலைமைக் காஜி அறிவித்த பின்னரே தமிழகத்தில் ரம்ஜான் விடுமுறை உறுதியாகும். 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10ஆம் தேதியும் தமிழகத்தில் 11ஆம் தேதியும் அப்பண்டிகை நடந்தது. அரசு அச்சிட்ட தேதிக்காகப் பிறை காத்திருப்பதில்லை.

அண்மைக் காலத்தில் சில இடங்களில், வேலைக்குச் செல்வோர் வசதிக்காகத் திருநாளையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்ற யோசனை எழுகிறது. எண்ணம் நல்லதே, ஆனால் ப்ரஹ்மோத்ஸவத்தில் அது இயலாது. தீர்த்தவாரிக்குரிய நக்ஷத்ரத்தை முதலில் நிச்சயித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணியே த்வஜாரோஹணத்துக்கு நாள் குறிக்கிறார்கள். கருட ஸேவையும் தேரும் அந்த எண்ணிக்கையில் தம்தம் இடத்தில் நிற்பவை. ஒன்றை அசைத்தால் எல்லாம் அசையும். திருநக்ஷத்ரமும் அப்படியே, ஆழ்வார் அவதரித்த நக்ஷத்ரம் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நிற்காது. உபந்யாஸம், திவ்யப்ரபந்த கோஷ்டிக்குப் பயிற்சி, அன்னதானம், சிறுவர் போட்டி போன்றவற்றை ஞாயிறன்று வைத்துக்கொள்வதில் தடை ஏதும் இல்லை. அவ்வாறு வைப்பது சிறந்ததும்கூட.

விடுமுறை கிடைக்காத பக்தர் என் செய்வது என்ற கவலை வேண்டா. பெருந்திருநாட்கள் பலவும் அலுவலக நேரத்தோடு மோதாதவை. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறப்பது பல தலங்களில் விடியலுக்கு முன். ஸ்ரீஜயந்தித் திருவாராதனம் இரவில். ஏகாதசி உபவாஸத்திற்கு விடுப்பு விண்ணப்பம் தேவையில்லை. மறுநாள் துவாதசிப் பாரணையை உரிய வேளையில் செய்துவிட்டு வேலைக்குச் செல்லலாம். ஷிப்ட் காரணமாக அதுவும் இயலாதவர்க்கு, இருந்த இடத்திலிருந்தே திருநாமம் சொல்வதை எந்த ஆகமமும் தடுக்கவில்லை. வேலையை விட்டு வரமுடியாதவரைப் பார்த்து, பக்தி குறைந்தவர் என்று சிலர் பேசுவது முற்றிலும் தவறு. மேலாளர்கள் தம் கீழுள்ள வெளி மாநிலத் தொழிலாளர்க்கு அவரவர் பண்டிகையன்று ஷிப்டை மாற்றிக் கொடுக்க முன்வந்தால், சட்டம் கூறும் ஐந்து நாட்களுக்கு மேற்பட்ட புண்ணியம் அவர்களைச் சேரும்.

வைகுண்ட ஏகாதசியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. சூரிய மாதமாகிய மார்கழியில் வரும் வளர்பிறை ஏகாதசி ஆகையால், ஆங்கில ஆண்டுக் கணக்கில் அது சில ஆண்டு இருமுறை வரும். சில ஆண்டு வரவே வராது. 2024இல் வரவில்லை. 2025இல் ஜனவரி 10ஆம் தேதி ஒன்று, டிசம்பர் 30ஆம் தேதி ஒன்று. திருவரங்கத்தில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. தை மாதத் தேர் உத்ஸவத்தோடு நாட்கள் நெருக்குண்ணும் அபூர்வமான ஆண்டுகளில் அங்கே கார்த்திகை ஏகாதசியையே வைகுண்ட ஏகாதசியாகக் கொள்வர். அவ்வாறே 2021 டிசம்பர் 14ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கப்பட்டது. மற்றத் தலங்களில் 2022 ஜனவரி 13ஆம் தேதி. அந்த ஓராண்டில் இரண்டு தலங்களிலும் ஸேவித்து இருமுறை பரமபத வாசல் கடந்தவர்கள் இவ்வூரிலும் இருக்கக்கூடும்.

2026ஆம் ஆண்டில் நிலை எளிது. கிருஷ்ண ஜயந்தி அரசு விடுமுறை செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை; அது ஆவணியிலேயே அமைவதால் அஷ்டமியும் ரோஹிணியும் கூடி வர, ஸ்மார்த்தர் கணக்கும் ஸ்ரீவைஷ்ணவர் கணக்கும் ஒரு மாதம் விலகுவதற்கு இடமில்லை. வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 20. அது ஞாயிற்றுக்கிழமை, ஆட்சியரின் அறிவிப்பையோ ஈடுசெய்யும் சனிக்கிழமையையோ எவரும் எதிர்நோக்க வேண்டியதில்லை. ஞாயிறன்றும் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர் மட்டும் பரமபத வாசல் திறக்கும் வேளையை முன்னதாகவே கோயிலில் கேட்டறிந்து கொள்வது நலம்.